பழைய நோட்டை எடுத்து வாருங்கள்

குடும்ப மருத்துவரிடம் கேளுங்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பிள்ளைகளைப் பற்றியவை. இருபது நாள் சிசுவிலிருந்து பதினேழு வயதுப் பையன் வரை இருந்ததால் வயது வரிசையிலேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: எனக்கு முதல் குழந்தை. பிறந்து இருபது நாள் ஆகிறது. இப்போது அம்மா வீட்டில் இருக்கிறேன். இங்கே குழந்தை நல மருத்துவர் பார்க்கிறார். மூன்றாம் மாதம் மாமியார் வீட்டுக்குப் போனால் அங்கே ஒரு பொது மருத்துவர்தான். அந்தக் குடும்பத்துக்கே அவர்தான் 'கைராசி டாக்டர்'. குழந்தைக்கு அவர் போதுமா? மூக்கில் எண்ணெய் விடு, வசம்பு உரசிக் கொடு என்று பாட்டி சொல்வதையும் என்ன செய்வது?
(ஓர் இளம் தாய், பட்டுக்கோட்டை)

கைராசி என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குச் சிரிப்பு வரும். மன்னார்குடியில் முப்பத்தொரு வருடமாக மருத்துவம் பார்க்கிறேன். என்னையும் அப்படிச் சொல்பவர்கள் உண்டு. சாதாரணச் சளிக்காய்ச்சல் ஐந்தாம் நாள் தானாகவே இறங்கிவிடும். இரண்டாம் நாள் ஒரு டாக்டரிடம் போய், கேட்கவில்லை என்று நான்காம் நாள் என்னிடம் வந்தால் நான் கைராசிக்காரி, அவர் ராசியில்லாதவர். இருவரும் கொடுத்தது ஒரே மருந்தாக இருக்கும்.

ஆனால் உங்கள் மாமனார் வீட்டு டாக்டரிடம் ராசியைவிடப் பெரிய சரக்கு ஒன்று இருக்கிறது. குழந்தையின் தாத்தாவுக்கு இழுப்பு உண்டா, அப்பாவுக்குச் சிறு வயதில் காய்ச்சலோடு வலிப்பு வந்ததா, அத்தைக்குத் தைராய்டு எந்த வயதில் தெரிந்தது என்பதெல்லாம் அவருக்குக் கேட்காமலே தெரியும். அதைப் புதிதாக ஒருவர் தெரிந்துகொள்ளப் பத்து வருடம் பிடிக்கும். ஆகவே அவர் போதும். குறை மாதத்தில் பிறந்த குழந்தை, இதயத்தில் கோளாறுள்ள குழந்தை, எடை ஏறாத குழந்தை என்றால் குழந்தை நல மருத்துவர் கட்டாயம் வேண்டும். மற்றபடி, மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி காய்ச்சல் இருந்தால் நானே ஒரு சொட்டு மருந்தும் கொடுக்காமல் தஞ்சாவூர் ராசா மிராசுதார் மருத்துவமனைக்கு அனுப்பிவிடுவேன். அந்த வயதில் காய்ச்சல் என்பது வேறு சமாசாரம். எப்போது தன் கையை விட்டு அனுப்ப வேண்டும் என்று தெரிந்தவரா அவர் என்பதை மட்டும் பாருங்கள்.

இன்றைக்கே ஒரு காரியம் செய்யுங்கள். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, முதல் பக்கத்தில் பிறந்த தேதி, பிறந்த எடை, எத்தனையாவது வாரத்தில் பிரசவம், சுகப்பிரசவமா அறுவையா, பிறந்தவுடன் அழுததா, மஞ்சள் கண்டதா, விளக்கில் வைத்தார்களா என்று எழுதுங்கள். பிறந்த முதல் வாரத்தில் எடை கொஞ்சம் குறையும், பயப்பட வேண்டாம். இரண்டு வாரத்தில் பிறந்த எடைக்குத் திரும்பி, அதன் பிறகு நாளுக்கு இருபது முப்பது கிராம் ஏற வேண்டும். ஐந்தாம் மாதம் பிறந்த எடை இரட்டிப்பாகும், ஒரு வயதில் மும்மடங்காகும். எந்த டாக்டரிடம் போனாலும் அந்த நோட்டில் எழுதி வாங்குங்கள். துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் அதை நோட்டில் ஒட்டுங்கள்.

பாட்டி விஷயம். மூக்கில் எண்ணெய் வேண்டவே வேண்டாம். அது நேரே நுரையீரலுக்குப் போகும். சேனை வைக்கிறேன் என்று தேனைத் தடவுவதும் ஒரு வயது வரை கூடாது. வசம்பை உரசிக் கொடுக்கக் கூடாது. கையில் கட்டிக்கொள்ளட்டும், வாயில் போய்விடாமல் பார்த்துக்கொண்டால் போதும். எண்ணெய் தேய்த்துக் கால் கையை நீவி விடுவதைப் பாட்டிக்கே விட்டுவிடுங்கள். அதில் அவர் கை என் கையைவிடத் தேர்ந்தது. எல்லாவற்றுக்கும் 'டாக்டர் வேண்டாம் என்றார்' என்று தடுத்தால், அடுத்த முறை உங்களுக்குத் தெரியாமல் செய்வார்.

கேள்வி: குழந்தைக்கு ஏழு மாதம். திருப்பூருக்கு வேலைக்குப் போனதில் மூன்றரை மாதத் தடுப்பூசி விட்டுப்போயிற்று. மறுபடி முதலிலிருந்து போட வேண்டுமா? அரசு ஊசி, தனியார் ஊசி, எது நல்லது?
(ஒரு தகப்பனார், திருத்துறைப்பூண்டி)

முதலிலிருந்து வேண்டாம். விட்ட இடத்திலிருந்து தொடரலாம். உடம்பு பழைய ஊசியை மறந்துவிடாது, மறப்பது நாம்தான். இந்தப் புதன்கிழமையே பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். திருப்பூர் விலாசமா, திருத்துறைப்பூண்டி விலாசமா என்று தயங்க வேண்டாம். தடுப்பூசி அட்டை மட்டும் கையில் இருக்கட்டும்.

அரசு மருத்துவமனையில் போடும் பென்டா ஊசியில் தொண்டை அடைப்பான், கக்குவான், இரண ஜன்னி, மஞ்சள் காமாலை பி, மூளைக்காய்ச்சலும் நிமோனியாவும் தரும் ஹிப் கிருமி என ஐந்துக்கும் பாதுகாப்பு இருக்கிறது. தனியாரில் 'வலியில்லா ஊசி' என்பார்கள். காய்ச்சலும் வீக்கமும் கொஞ்சம் குறையும், பையிலிருந்து காசு கொஞ்சம் அதிகம் போகும், அவ்வளவுதான் வித்தியாசம். இந்தியாவில் கடைசியாக இயற்கைப் போலியோ வந்தது 2011 ஜனவரி 13-இல், மேற்கு வங்கத்தின் ஹவுராவில், ஒரு பெண் குழந்தைக்கு. அதை ஒழித்தது இந்த இலவசச் சொட்டு மருந்துதான்.

ஆனால் என் கவலை உங்கள் ஏழு மாதக் குழந்தையைப் பற்றியது அல்ல; நீங்கள்தான் தேடி வந்துவிட்டீர்களே. ஒன்றரை வயது ஊசி முடிந்ததும் தடுப்பூசி அட்டை பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் போய்விடுகிறது. ஐந்து வயதில் ஒரு முத்தடுப்பு ஊசி உண்டு. பத்து வயதிலும் பதினாறு வயதிலும் இரண ஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்கும் டி.டி. ஊசி உண்டு. பத்து வயதுப் பிள்ளையின் அட்டையைக் கொண்டு வாருங்கள் என்றால், 'அதெல்லாம் எங்கேயோ இருக்கிறது டாக்டர்' என்கிறார்கள். ஆணி குத்தி ஓடிவரும்போதுதான் அந்த அட்டையைத் தேடுகிறார்கள்.

கேள்வி: என் நாத்தனார் வீட்டில் மிச்சமிருந்த காய்ச்சல் மருந்தை என் பத்து கிலோ மகளுக்குக் கொடுத்தேன். ஒரு வயது நான்கு மாதம். பாட்டிலில் இருந்த அளவு வேறு என்று பிறகுதான் தெரிந்தது. குழந்தை நன்றாகத்தான் இருக்கிறாள். சரியான அளவு என்ன?
(ஒரு வாசகி, கும்பகோணம்)

நல்ல வேளை. இந்தத் தவற்றை மாதத்துக்கு இரண்டு முறையாவது பார்க்கிறேன். படித்தவர்கள் வீட்டில்தான் அதிகம். பாரசிட்டமால் ஒரே மருந்து, ஆனால் கடையில் மூன்று வடிவில் நிற்கிறது. ஒரு சிரப்பில் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம். இன்னொன்றில் அதே 5 மில்லிக்கு 250. சொட்டு மருந்தில் ஒரே மில்லியில் 100. பெட்டியின் படம் மூன்றிலும் சிரிக்கும் குழந்தைதான். கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்பது கணக்கு. உங்கள் மகளுக்கு ஒரு வேளைக்கு 150 மில்லிகிராம். அதாவது 120 சிரப்பில் ஆறு மில்லி, 250 சிரப்பில் மூன்று மில்லி, சொட்டு மருந்தில் ஒன்றரை மில்லி. சொட்டு மருந்தைச் சிரப் என்று நினைத்து ஒரு மூடி ஊற்றினால் என்ன ஆகும் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். நாலு மணி நேரத்துக்குள் மறுபடி கொடுக்கக் கூடாது; ஒரு நாளில் நான்கு வேளைக்கு மேல் போகக் கூடாது. வீட்டுக் கரண்டியில் அளக்காதீர்கள். மருந்துக் கடையில் ஊசியில்லாத சிரிஞ்சு ஒன்று சில ரூபாய்க்குக் கிடைக்கும்.

கடைசி எடை எவ்வளவு, எந்த மருந்து, எத்தனை மில்லி என்று நோட்டின் பின்னட்டையில் பென்சிலால் எழுதி வையுங்கள். எடை ஏற ஏற அழித்து எழுதலாம். இரவு இரண்டு மணிக்கு யாருக்கும் கணக்கு வராது.

காய்ச்சல் பற்றிச் சொல்லும்போதே இதையும் சொல்லிவிடுகிறேன். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை சில பிள்ளைகளுக்குக் காய்ச்சலோடு வலிப்பு வரும். அப்போது சாவிக்கொத்தைக் கையில் திணிப்பார்கள், பல்லுக்கிடையில் கரண்டி வைப்பார்கள், வாயில் தண்ணீர் ஊற்றுவார்கள். மூன்றும் வேண்டாம். பிள்ளையைத் தரையில் ஒருக்களித்துப் படுக்க வைத்து, சட்டைப் பித்தானைத் தளர்த்தி, கடிகாரத்தைப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடத்தில் நின்றுவிடும். ஐந்து நிமிடம் தாண்டினால் காத்திருக்காமல் 108-க்குச் சொல்லுங்கள். சாவியைக் கொடுத்ததும் வலிப்பு நின்றது என்பார்கள். கொடுக்காவிட்டாலும் நின்றிருக்கும். கைராசிக் கதைதான் இதுவும்.

கேள்வி: வயிற்றுப்போக்குக்கு அட்டைப் பெட்டியில் வரும் ஓ.ஆர்.எஸ். பானம் கொடுக்கலாமா? பிள்ளைக்கு அந்த ருசி பிடிக்கிறது.
(ஒரு வாசகி, நீடாமங்கலம்)

பிடிக்கத்தான் செய்யும், அதில் அவ்வளவு சர்க்கரை. அதிகச் சர்க்கரை போக்கை இன்னும் கூட்டும். 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம், இந்த மாதிரிப் பானங்களில் ஓ.ஆர்.எஸ். என்ற பெயர் கூடாது என்று உத்தரவிட்டது. உங்களுக்கு வேண்டியது ஒரு லிட்டருக்கான ஓ.ஆர்.எஸ். தூள் பொட்டலம். அதை முழுசாக ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் கொட்டுங்கள். எங்கள் ஊரில் வெண்ணெய்த்தாழித் திருவிழா முடிந்த மறுநாள் வயிற்றுப்போக்குப் பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். அதில் பாதித் தாய்மார்கள் பொட்டலத்திலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து ஒரு டம்ளரில் கலக்கியிருப்பார்கள். சிட்டிகையில் உப்பு எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்? கூடவே துத்தநாக மாத்திரை பதினான்கு நாள். போக்கு நின்ற பிறகும் நிறுத்தாதீர்கள்.

1971-இல் வங்கதேசப் போரில் அகதிகளாக வந்தவர்களுக்கு மேற்கு வங்கத்தின் பங்கானில் காலரா பரவியபோது, நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோய், டாக்டர் திலிப் மகலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த இந்த நீரை டிரம்மில் கரைத்துக் குடிக்கக் கொடுத்தார். அந்த முகாமில் சாவு சரசரவென்று குறைந்தது. அப்பேர்ப்பட்ட மருந்துக்கு ஆரஞ்சு ருசி எதற்கு?

கேள்வி: ஏழு வயது மகன் 19 கிலோதான் இருக்கிறான். சாப்பிடவே மாட்டேன் என்கிறான். நல்ல டானிக் சொல்லுங்கள்.
(ஒரு தாய், வேதாரண்யம்)

டானிக் சொல்ல மாட்டேன். அந்த வயதுக்கு 22 கிலோ என்பது சராசரி. 19 கிலோ கொஞ்சம் குறைவு, நோய் அல்ல. நீங்களும் உங்கள் கணவரும் எந்த உடல்வாகு என்று எழுதவில்லையே! எனக்கு அவனுடைய இன்றைய எடையைவிடப் போன வருடத்து எடையும் உயரமும் வேண்டும். இந்த வயதில் வருடத்துக்கு ஐந்தாறு சென்டிமீட்டர் வளர்ந்தால், இரண்டு கிலோ ஏறினால் அவன் தன் கோட்டில் போகிறான். அதோடு பால் எத்தனை டம்ளர் குடிக்கிறான், மிக்சரும் பிஸ்கட்டும் எத்தனை மணிக்கு என்று ஒரு வாரம் எழுதிப் பாருங்கள்.

என்னிடம் வந்த ஒரு பெண் குழந்தையை, 'குண்டாக, ஆரோக்கியமாக இருக்கிறாள்' என்று நானே பாராட்டி அனுப்பியிருக்கிறேன். அவள் அம்மா விடாமல் எழுதிவந்த நோட்டைப் புரட்டியபோதுதான், ஒன்றரை வருடத்தில் இரண்டே சென்டிமீட்டர் வளர்ந்திருக்கிறாள் என்று தெரிந்தது. தைராய்டு குறைவு. ஒல்லிப் பிள்ளையைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறோம். வளராமல் நின்ற பிள்ளை கொழுகொழுவென்று இருந்தால் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. டாக்டர் கண்ணுக்கும்.

கேள்வி: என் மகன் எட்டாம் வகுப்பு. காய்ச்சலுக்காக எங்கள் குடும்ப டாக்டரிடம் அழைத்துப் போனேன். பார்த்து முடித்ததும், 'அம்மா, கொஞ்ச நேரம் வெளியே உட்காருங்கள், தம்பியிடம் பேச வேண்டும்' என்றார். பெற்ற தாயை வெளியே அனுப்புவது என்ன மரியாதை? பத்து நிமிடம் என்ன பேசினார்கள் என்று இருவருமே சொல்லவில்லை.
(ஒரு வாசகி, திருவாரூர்)

உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் நான் அந்த டாக்டரின் பக்கம். ஏன் என்று சொல்ல, என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும்.

பல வருடங்களுக்கு முன் உங்கள் மகன் வயதில் ஒரு பையன். பிறந்ததிலிருந்து என்னிடம்தான் வருகிறான். ஒவ்வொரு திங்கட்கிழமை காலையும் வயிற்று வலி. முதல் முறை பூச்சி மருந்து கொடுத்தேன். இரண்டாம் முறை அமிலத்துக்கு மாத்திரை. மூன்றாம் முறை சிறுநீர்ப் பரிசோதனை, ஸ்கேன். எதிலும் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு முறையும் அம்மா பக்கத்தில் நின்று அவனுக்காகப் பதில் சொல்வார். 'எங்கே வலிக்கிறது?' என்று நான் அவனைக் கேட்டால், 'தொப்புளைச் சுற்றி டாக்டர்' என்பார் அம்மா. நான்காம் முறை அம்மா ஏதோ மருந்து வாங்க வெளியே போயிருந்தார். சித்திரை வெயில். பையன் சட்டைக்குள் இரண்டு பனியன் போட்டிருந்தான். 'ஏண்டா, இந்தப் புழுக்கத்தில் இரண்டு பனியன்?' என்று சும்மா கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டான். கண்ணீர் மேசையில் சொட்டியது.

அவனுக்கு மார்பு லேசாக வீங்கியிருந்தது. திங்கட்கிழமை விளையாட்டு வகுப்பு. சட்டை மாற்றும்போது பெரிய பையன்கள் கிள்ளிக் கேலி செய்வார்களாம். தான் பெண்ணாக மாறிக்கொண்டிருக்கிறோமோ என்று ஏழு மாதமாக யாரிடமும் சொல்லாமல் பயந்திருக்கிறான். அவன் வயிற்றை மூன்று முறை அழுத்திப் பார்த்த நான், பனியனை மார்புக்கு மேல் ஒருமுறைகூடத் தூக்கிப் பார்க்கவில்லை.

பருவமடையும் பையன்களில் பாதிப் பேருக்காவது இப்படி வரும். ஓரிரண்டு வருடத்தில் தானாக வற்றிவிடும். இதைச் சொல்ல எனக்கு இரண்டு நிமிடம் ஆயிற்று. வயிற்று வலி ஒரு மாதத்தில் போயிற்று. அன்றிலிருந்து பன்னிரண்டு வயது தாண்டிய எந்தப் பிள்ளை வந்தாலும், காய்ச்சலோ சிரங்கோ எதுவாக இருந்தாலும், கடைசிப் பத்து நிமிடம் தனியாகப் பேசுகிறேன். எல்லோருக்கும் அதே வழக்கம் என்பதால் ஒரு பிள்ளையைத் தனியாகச் சந்தேகப்பட்டதாக இராது. பேசுவது மட்டும்தான் தனியாக. உடம்பைத் தொட்டுப் பார்க்கும்போது அம்மாவோ நர்ஸோ கூட இருப்பார்கள். உங்கள் டாக்டரும் அப்படித்தானா என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

பேசுவதற்கு முன்பே பிள்ளையிடம் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுவேன்: 'நீ சொல்வதை அம்மாவிடம் சொல்ல மாட்டேன். ஆனால் உன் உயிருக்கு ஆபத்து என்றால், உன்னால் இன்னொருவர் உயிருக்கு ஆபத்து என்றால், யாராவது உன்னிடம் தவறாக நடந்திருந்தால் சொல்லியே ஆக வேண்டும்.' மூன்றாவதை, பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012 முதல் கட்டாயமாக்கியிருக்கிறது. மறைத்தால் டாக்டர் மேலேயே வழக்கு வரும். ஆகவே உங்களுக்குத் தெரிய வேண்டியது தெரியாமல் போகாது. மீதி பெரும்பாலும் முகப்பரு, மீசை, தூக்கம், நண்பன், ஒரு பெண்ணின் பெயர். இரவு பன்னிரண்டு மணி வரை கைப்பேசி பார்ப்பதையும் என்னிடம் ஒப்புக்கொள்வார்கள். உங்களிடம் பத்து மணிக்கே தூங்கிவிட்டதாகச் சொல்லியிருப்பார்கள்.

வீட்டுக்கு வந்ததும் 'டாக்டர் என்ன கேட்டார்?' என்று துருவாதீர்கள். இரண்டு நாள் பொறுத்தால் பாதியை அவனே சொல்வான்.

கேள்வி: மகன் பிளஸ் டூ முடித்துக் கோயம்புத்தூரில் கல்லூரி விடுதிக்குப் போகிறான். இருமல் என்றாலும் எனக்குத்தான் போன் செய்வான். மருத்துவ விஷயத்தில் என்ன ஏற்பாடு செய்து அனுப்ப வேண்டும்?
(ஒரு தாய், முத்துப்பேட்டை)

பதினாறு வயது டி.டி. ஊசி போட்டாயிற்றா என்று பார்த்துவிடுங்கள். ரத்த வகை, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, கடைசி எடை இவை அவனுக்கே மனப்பாடமாகத் தெரிய வேண்டும். கிளம்புவதற்கு முன் ஒரு முறை அவனைத் தனியாக உங்கள் டாக்டரிடம் அனுப்புங்கள். டோக்கன் போடுவதும் காசு கொடுப்பதும் அவனே செய்யட்டும். கோயம்புத்தூரில் கல்லூரிக்குப் பக்கத்தில் ஒரு பொது மருத்துவரை, உடம்பு சரியாக இருக்கும்போதே போய்ப் பார்த்து அறிமுகம் செய்துகொள்ளச் சொல்லுங்கள். விடுதி நண்பன் கொடுக்கும் மாத்திரையை விழுங்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள். கேட்பானா என்பது வேறு விஷயம்.

நோட்டை அவன் பெட்டியில் வைத்து அனுப்புங்கள். நீங்கள் ஒரு நகல் வைத்துக்கொள்ள நினைத்தால் அவனைக் கேட்டுவிட்டு எடுங்கள். என்னிடம் வளர்ந்த பையன் ஒருவன் போன ஜூனில் இப்படிக் கிளம்பும்போது நோட்டைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். ஐந்து வயது ஊசியன்று அவன் என் கட்டைவிரலைக் கடித்ததை, தேதி போட்டு, எந்தக் கை என்பது உட்பட எழுதி வைத்திருந்தேன். அந்தப் பக்கத்தை மட்டும் கிழித்துக்கொள்ளலாமா என்று கேட்டான். பின்பக்கத்தில் முத்தடுப்பு ஊசி விவரம் இருக்கிறது, கிழிக்காதே என்று சொல்லிவிட்டேன்.